சிஎஸ்ஓ, சிஎச்டி, ஆர்விஇசட்... எல்லாவற்றையும் மாற்ற ஒரே டூல் இருக்கிறதா?

கேள்வி, மார்ச் 2, மாலை 6.50

பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். என்னிடம் இருக்கும் கேம் டிஸ்க்குகளை எப்போதோ பேக்கப் எடுத்து, இடம் போதாமல் சுருக்கி வைத்தவை உள்ளே கிடக்கின்றன. சில சிஎஸ்ஓ, சில சிஎச்டி, சில ஆர்விஇசட், மிச்சம் 7இசட். கையில் பிஎஸ்பி, பிஎஸ்2, வீ என்ற மூன்று கேம் கன்சோலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஐஎஸ்ஓவாக, அதாவது சுருக்காத டிஸ்க் நகலாக, மாற்ற ஒரே டூல் உண்டா அண்ணா? இல்லை, எக்ஸ்டென்ஷனை மட்டும் மாற்றினால் ஓடிவிடுமா?

மார்ச் 2, இரவு 9.15

ஒரே டூல் கிடையாது. பெயரை மாற்றினால் ஓடாது.

மார்ச் 2, இரவு 9.40

மேலே எழுதியது ரொம்பக் கறாராகப் போய்விட்டது. விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் 7இசட். இதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்க வேண்டும். கன்சோல் எதுவும் அதற்குள்ளிருந்து கேமை ஓட்டாது. காரணம் எளிது. கேம் ஓடும்போது கன்சோல் டிஸ்க்கை வரிசையாகப் படிப்பதில்லை. இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று தாவிக்கொண்டே இருக்கும். 7இசட் நூல்கண்டு மாதிரி. நடுவில் ஒரு முழம் வேண்டுமென்றால் முனையிலிருந்து பிரித்துக்கொண்டே போக வேண்டும். சிஎஸ்ஓ அப்படி இல்லை. நூலை முழம் முழமாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாகச் சுருட்டி, எது எங்கே இருக்கிறது என்று மேலே ஒரு சீட்டும் எழுதி வைத்தது. ஒரு முழம் 2048 பைட். 1 ஜிபி ஐஎஸ்ஓ என்றால் 5,24,288 துண்டு. ஒவ்வொன்றுக்கும் சீட்டில் 4 பைட். சீட்டு மட்டுமே 2 எம்பி வரும்.

அடுத்து சிஎஸ்ஓ. சிஎஸ்ஓ என்றாலே பிஎஸ்பிதான், யோசிக்கவே வேண்டாம். கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது மாற்று இயக்க மென்பொருள், போட்ட பிஎஸ்பி அதை நேரடியாகவே படிக்கும். மெமரி ஸ்டிக்கில் ஐஎஸ்ஓ என்ற ஃபோல்டரில் போட்டால் போதும். பிரிக்கத்தான் வேண்டுமென்றால் மேக்ஸ்சிஎஸ்ஓ என்ற டூல் இருக்கிறது. ஒரே கட்டளையில் பிரித்துவிடும்.

சிஎச்டி, ஆர்விஇசட் இரண்டும் கொஞ்சம் வேலை வைப்பவை. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 3, காலை 7.30

சொல்ல மறந்தது. சிஎஸ்ஓவை லெவல் 9, அதாவது உச்சபட்சச் சுருக்கம், வைத்துச் சுருக்கியிருந்தால் வீடியோக் காட்சிகளில் திக்கும். பிஎஸ்பியின் புராசஸர் 333 மெகாஹெர்ட்ஸ்தான், அதற்கு மேல் போகாது. லெவல் 9 இல் இருப்பவற்றைப் பிரித்து லெவல் 1 இல் திரும்பச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

மார்ச் 3, இரவு 10.05

காலையில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

வருஷக்கணக்காக எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இன்று சந்தேகம் வந்து, ஒரே கேமை லெவல் 1, லெவல் 9, சுருக்காத ஐஎஸ்ஓ என்று மூன்றாக வைத்து, கடிகாரமும் கையுமாக உட்கார்ந்தேன். லெவல் 1க்கும் 9க்கும் வித்தியாசமே கண்டுபிடிக்க முடியவில்லை. ஐஎஸ்ஓ மட்டும் கொஞ்சம் வேகம்.

யோசித்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிஎஸ்ஓ பயன்படுத்துவது டிஃப்ளேட் முறை, ஜிப் ஃபைலில் இருக்கும் அதே முறைதான். அதில் லெவல் என்பது சுருக்குபவன் எவ்வளவு மெனக்கெட்டுத் தேடுகிறான் என்பது மட்டுமே. விரிப்பவனுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலை. மூட்டையை எத்தனை மணி நேரம் யோசித்துக் கட்டினார்கள் என்பது அவிழ்ப்பவனுக்கு எதற்கு? திக்குகிறது என்றால் சுருக்கியதே காரணம், லெவல் அல்ல. திக்கும் கேமை மட்டும் ஐஎஸ்ஓவாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை இருந்தபடியே இருக்கட்டும்.

மார்ச் 4, இரவு 8.20

சிஎஸ்ஓ 11 இல் 9 ஓடுகின்றன, இரண்டை மட்டும் பிஎஸ்பி பட்டியலில்கூடக் காட்டவில்லை, மேக்ஸ்சிஎஸ்ஓவும் பிழை காட்டுகிறது என்றீர்கள். காப்பி பண்ணும்போது கெட்டுப் போயிருக்கும். டிஸ்க் கையில் இருந்தால் திரும்ப எடுத்துவிடுங்கள். பிஎஸ்பியில் அதன் டிஸ்க்கான யுஎம்டியைப் போட்டு, செலக்ட் பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில் யுஎஸ்பி டிவைஸ் என்பதை யுஎம்டிக்கு மாற்றி, கேபிளைக் கணினியில் செருகுங்கள். டிஸ்க்கே ஒரு ஐஎஸ்ஓ கோப்பாகத் தெரியும். இழுத்துப் போட வேண்டியதுதான்.

மார்ச் 4, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. இரண்டு கோப்பும் கெட்டுப் போனதாகச் சொன்னேனே, அது மனதுக்கு ஒப்பவில்லை. கெட்டுப்போன சிஎஸ்ஓ நடுவில்தான் தகராறு செய்யும். பட்டியலில் வராமலே போவது அபூர்வம். தலைப்புப் பகுதியிலேயே ஏதோ இடிக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் அந்த இரண்டையும், ஓடுகிற ஒன்றையும் திறந்து, முதல் நாலைந்து வரியைப் படம் எடுத்துப் போடுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

மார்ச் 5, மாலை 7.10

படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். மன்னிக்கவும், உங்களைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

மூன்று கோப்பிலும் முதல் நான்கு எழுத்து ஒன்றேதான்: சி, ஐ, எஸ், ஓ. அதற்கு அடுத்த நான்கு பைட்டைப் பாருங்கள். ஓடுகிற கோப்பில் 18 00 00 00. ஓடாத இரண்டிலும் 00 00 20 00. அதற்குப் பிறகு ஓடாத கோப்பில் திரை முழுக்க 01 01 01 01 என்று வரிசை கட்டி நிற்கிறது, எறும்புச் சாரை மாதிரி. நடுநடுவே சில 00.

அவை பிஎஸ்பி கோப்புகளே இல்லை. வீக்கு முந்தைய நின்டென்டோ கன்சோலான கேம்க்யூப்பின் டிஸ்க்குகள்.

பிஎஸ்பிக்காரர்களும் கேம்க்யூப்-வீக்காரர்களும் ஆளுக்கொரு வடிவத்தை உருவாக்கி, இரண்டுக்கும் சிஐஎஸ்ஓ என்றே பெயர் வைத்து, கோப்பின் முதல் நான்கு எழுத்தாகவும் அதையே போட்டுவிட்டார்கள். எக்ஸ்டென்ஷனும் இரண்டிலும் சிஎஸ்ஓ ஆகலாம். உள்ளே இருப்பதற்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. பிஎஸ்பியுடையதில் அந்த 18 என்பது தலைப்பின் நீளம். 16ஐ அடிமானமாகக் கொண்ட எண் முறையில் 18 என்றால் நம் கணக்கில் 24 பைட். சில டூல்கள் அந்த இடத்தில் வெறும் சுழியம் போடும், அதனால் 00 00 00 00 என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். கேம்க்யூப்பில் அதே இடத்தில் இருப்பது துண்டின் அளவு, 2 எம்பி. அடுத்து வரும் ஒவ்வொரு 01உம் "இந்த 2 எம்பி துண்டு கோப்பில் இருக்கிறது" என்று அர்த்தம். 00 என்றால் அந்தத் துண்டில் கேமுக்கு வேண்டியது எதுவும் இல்லை, விட்டுவிட்டார்கள். கேம்க்யூப் டிஸ்க் முழு அளவு 1,45,99,78,240 பைட், அதாவது 697 துண்டு. சுருக்கம் என்று எதுவுமே நடக்கவில்லை, காலி இடத்தைத் தூக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆக, 2ஆம் தேதி "சிஎஸ்ஓ என்றாலே பிஎஸ்பிதான், யோசிக்கவே வேண்டாம்" என்று எழுதிய மேதாவியை நீங்கள் திட்டலாம்.

மார்ச் 5, இரவு 7.25

இன்னொன்று. பழைய எக்ஸ்பாக்ஸுக்கும் சிஎஸ்ஓ என்ற பெயரில் ஒரு சுருக்க வடிவம் இருக்கிறது. நல்லவேளை, உங்களிடம் அந்தக் கன்சோல் இல்லை.

மார்ச் 6, இரவு 9.30

ஆர்விஇசட். எனக்குப் பிடித்த வடிவம் இது, அதனால் நீளும்.

கேம்க்யூப், வீ டிஸ்க்குகளை ஜிப்பிலோ 7இசட்டிலோ போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேம் அரை ஜிபிகூட இருக்காது, ஆனால் 4.7 ஜிபி டிஸ்க்கைச் சுருக்கினால் 4 ஜிபிக்கு மேலேயே நிற்கும். ஏன் தெரியுமா? டிஸ்க்கில் கேம் போக மீதி இடத்தை சுழியத்தால் நிரப்பவில்லை. குப்பையால் நிரப்பினார்கள். குப்பை என்றால் கண்டபடி வரும் எண்கள். ஒழுங்கு எதுவும் இல்லாததைச் சுருக்க எந்த முறையாலும் முடியாது. போதாக்குறைக்கு வீ டிஸ்க்கில் கேம் இருக்கும் பகுதி என்கிரிப்ட் ஆனது. என்கிரிப்ட் ஆன எதுவும் வெளியிலிருந்து பார்க்கக் குப்பை மாதிரியே இருக்கும்.

2020 இல், கன்சோல் கேமைக் கணினியில் ஓட்டும் டால்பின் எமுலேட்டரில் ஆர்விஇசட் வந்தது. அதன் சாமர்த்தியம் இரண்டு. ஒன்று, என்கிரிப்ஷனைப் பிரித்துவிட்டு உள்ளே இருப்பதைச் சுருக்கும், திரும்ப ஐஎஸ்ஓ கேட்டால் மறுபடி என்கிரிப்ட் செய்து கொடுக்கும். இரண்டாவதுதான் அழகு. அந்தக் குப்பை நிஜமான குப்பை இல்லை. ஒரு சூத்திரத்தில் ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் வரும் வரிசை அது. ஆர்விஇசட்டுக்கு அந்தச் சூத்திரம் தெரியும். ஆகவே குப்பையைச் சேமிப்பதில்லை, விதையை மட்டும் வைத்துக்கொள்ளும். பிரிக்கும்போது அதே குப்பை, பைட் மாறாமல், முளைத்து வரும். நூறு மூட்டை வைக்கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பிடி விதைநெல்லைப் பத்திரப்படுத்தியது போல.

இதனால் என்ன லாபம் என்றால், ஆர்விஇசட்டிலிருந்து எடுக்கும் ஐஎஸ்ஓ மூல டிஸ்க்கோடு அச்சு அசலாக ஒத்துப்போகும். உங்கள் கேம்க்யூப் சிஎஸ்ஓவை விரித்தால் அப்படி வராது. தூக்கிப் போட்ட துண்டுகள் இருந்த இடத்தில் சுழியம்தான் வரும். கேம் ஓடும், ஆனால் அது மூலம் இல்லை.

இனி வேலை. வீ கன்சோலுக்கு ஆர்விஇசட் தெரியாது. டால்பினில் கேம் பட்டியலில் வலது கிளிக் செய்தால் வேறு வடிவத்துக்கு மாற்றும் வசதி இருக்கிறது, அதில் ஐஎஸ்ஓ தேர்ந்தெடுங்கள். வீ ஐஎஸ்ஓ ஒவ்வொன்றும் மிகச் சரியாக 4,69,99,79,776 பைட் வரும். இரட்டை அடுக்கு டிஸ்க் என்றால் இன்னும் பெரிது. இங்கே முட்டும். பென் டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்டக்கூடாது. என் டிரைவில் இடம் பாக்கி 60 ஜிபி இருக்க, "இடம் போதவில்லை" என்று விண்டோஸ் சொன்னதை நம்பி, முதல் தடவை இரண்டு நாள் கேம்களை அழித்துக்கொண்டிருந்தவன் நான்.

அதனால் ஐஎஸ்ஓவோடு நிற்காமல், வீ கேம்களுக்கான டபிள்யூபிஎஃப்எஸ் வடிவத்துக்கு மாற்றுங்கள். அதற்கான டூல் விம்ஸ் ஐஎஸ்ஓ டூல்ஸ் அல்லது வீ பேக்கப் மேனேஜர். அது பயன்படாத இடத்தை விட்டுவிடும், மீறி 4 ஜிபி தாண்டினால் இரண்டாவது கோப்பாக வெட்டிவிடும். டபிள்யூபிஎஃப்எஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் கேம் பெயரும் சதுர அடைப்புக்குள் ஆறெழுத்து அடையாளமும் கொண்ட ஃபோல்டர், அதற்குள் ஆறெழுத்துப் பெயரில் கோப்பு. அந்த ஆறெழுத்தை எங்கே தேடுவது என்று அலைய வேண்டாம், ஐஎஸ்ஓவின் முதல் ஆறு பைட்டே அதுதான்.

மார்ச் 6, இரவு 10.45

மாற்றிய பிறகு ஆர்விஇசட்டை அழித்துவிடலாமா என்று கேட்கப் போகிறீர்கள். கூடாது. டபிள்யூபிஎஃப்எஸ் ஒருவழிப் பாதை, அதிலிருந்து மூல டிஸ்க் திரும்ப வராது. ஆர்விஇசட் அலமாரிக்கு, டபிள்யூபிஎஃப்எஸ் கன்சோலுக்கு.

மார்ச் 7, மாலை 6.00

சிஎச்டி. இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு ஒரு பழைய கோபம் வரும்.

பிஎஸ்1, அதாவது முதல் பிளேஸ்டேஷன். அதன் டிஸ்க் ஒரு சிடி. சிடியின் ஒரு செக்டர் 2352 பைட். அதில் கேமின் தரவு 2048, மிச்சம் ஒத்திசைவும் பிழை திருத்தமும். 74 நிமிட சிடி என்றால் 3,33,000 செக்டர். முழுசாக எடுத்தால் 78,32,16,000 பைட். 2048 மட்டும் எடுத்தால் 68,19,84,000. நூறு எம்பி மிச்சம் என்று அந்தக் காலத்தில் நான் மகிழ்ந்து, என் பிஎஸ்1 டிஸ்க் அத்தனையையும் ஐஎஸ்ஓவாக மாற்றி, முழு செக்டரும் இருந்த 'பின்' கோப்புகளையும் டிராக் விவரம் எழுதிய 'க்யூ' கோப்புகளையும் அழித்தேன்.

அப்புறம் கார்ப் பந்தய கேம் ஒன்றைப் போட்டேன். வண்டி ஓடுகிறது, எஞ்சின் உறுமுகிறது, டயர் தேய்கிறது. பாட்டு இல்லை. டிவியில் கோளாறு என்று ஒயரை ஆட்டிப் பார்த்தேன். பாட்டு எப்படி வரும்? அது டிஸ்க்கில் ஆடியோ டிராக்காக இருந்தது. ஐஎஸ்ஓ என்ற வடிவத்தில் அதற்கு இடமே கிடையாது. இன்னொரு கேமில் முன்கதை வீடியோ சிதறிப் போனது. வீடியோவும் பேச்சும் இருக்கும் சில செக்டர்களில் தரவு 2324 பைட் இருக்கும். 2048இல் வெட்டினால் ஒவ்வொரு செக்டரிலும் வால் போச்சு.

சரி, டிஸ்க் இருக்கிறதே என்று எடுத்தால், கறுப்பு அடிப்பக்கம் பளபளவென்று இருக்கிறது, படம் அச்சடித்த மேல்பக்கம் கீறியிருக்கிறது. சிடியில் தரவு இருப்பது மேல்பக்க அச்சுக்கு நேர் கீழே. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், மேல்பக்கம் போனால் போனதுதான். மூன்று டிரைவ் மாற்றிப் பார்த்தேன். மூன்றாவது டிரைவ் முனகி முனகி, பாதி ராத்திரியில் படித்து முடித்தது. அந்த டிரைவை இன்னும் தூக்கிப் போடவில்லை.

சிஎச்டி இந்த விஷயத்தில் உத்தமன். மேம் எமுலேட்டர்காரர்களின் வடிவம். முழு செக்டரையும் வைத்துக்கொள்ளும். பிழை திருத்தப் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு, பிரிக்கும்போது கணக்குப் போட்டுத் திரும்ப உண்டாக்கும். ஆடியோ டிராக்கை ஃப்ளாக் முறையில் சுருக்கும், அதனால் பாட்டிலும் இழப்பு இல்லை.

மாற்றும் வழி: சிஎச்டிமேன் என்ற கட்டளை டூல், அதில் எக்ஸ்ட்ராக்ட்சிடி. ஒரு க்யூ, ஒரு பின் கிடைக்கும். பிஎஸ்பிக்கு என்றால் அதை பிஎஸ்எக்ஸ்2பிஎஸ்பி என்ற டூல் கொண்டு பிஎஸ்பி ஓட்டும் பிபிபி கோப்பாக்குங்கள். பல டிஸ்க் கேம் என்றால் ஐந்து டிஸ்க் வரை ஒரே பிபிபியில் அடங்கும், கேம் நடுவில் டிஸ்க் மாற்றச் சொன்னாலும் தடுமாறாது. பிஎஸ்2வில் ஓட்ட வேண்டுமென்றால் பிஎஸ்1 கேமை ஓட்டும் பாப்ஸ்டார்ட்டர் என்ற புரோகிராம், அதற்கு விசிடி என்ற எக்ஸ்டென்ஷனில் வேண்டும். அந்த விசிடிக்கும் பழைய சினிமா விசிடிக்கும் உறவில்லை. இந்தத் துறையில் எவருக்கும் புதுப் பெயர் யோசிக்க நேரமில்லை போல.

மார்ச் 7, இரவு 9.20

மூல க்யூவில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி பின் இருந்தது, பிரித்தால் ஒன்றுதான் வருகிறது, பாட்டெல்லாம் போய்விட்டதா என்றால், இல்லை. எல்லா டிராக்கையும் ஒரே பின்னில் ஒட்டிக் கொடுத்திருக்கிறது. எது எங்கே தொடங்குகிறது என்று க்யூவில் எழுதியிருக்கும். க்யூவை நோட்பேடில் திறந்து பாருங்கள், சாதாரண எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு டிராக்காக வரிசையாக இருக்கும். புது சிஎச்டிமேனில் டிராக் வாரியாகப் பிரித்துக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது.

மார்ச் 8, மதியம் 2.40

பெயரை மாற்றினால் ஓடாது என்று முதல் நாளே அடித்துச் சொன்னேன். ஒரு விதிவிலக்கு வந்துவிட்டது.

உங்கள் பிஎஸ்2 சிஎச்டிகளில் சில, டிவிடியையே சிடி என்று சொல்லிச் சுருக்கியவை. முன்பு நிறையப் பேர் அப்படித்தான் செய்தோம். அவற்றில் எக்ஸ்ட்ராக்ட்டிவிடி வேலை செய்யாது, எக்ஸ்ட்ராக்ட்சிடிதான் போட வேண்டும். அப்போது வெளியே வரும் பின் கோப்பில் செக்டருக்கு 2048தான் இருக்கும், க்யூவிலும் 2048 என்றே எழுதியிருக்கும். அது பெயரளவில்தான் பின், உள்ளே அப்பட்டமான ஐஎஸ்ஓ. எக்ஸ்டென்ஷனை மாற்றினால் போதும்.

சந்தேகமா? கோப்பின் அளவை 2352ஆல் வகுத்துப் பாருங்கள், அப்புறம் 2048ஆல். எது மீதியில்லாமல் போகிறதோ அதுதான் செக்டர் அளவு. கால்குலேட்டர் போதும். இரண்டிலுமே மீதியில்லாமல் போனால் க்யூவை நம்புங்கள்.

மார்ச் 9, இரவு 10.10

பிஎஸ்2. கேம் ஓடுகிறது, ஆனால் வீடியோவில் பேச்சு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்றீர்கள். மாற்றியதில் தவறில்லை. பிஎஸ்2வின் யுஎஸ்பி துளை 1.1 காலத்தது. நொடிக்கு 12 மெகாபிட், அதாவது காகிதத்திலேயே ஒன்றரை எம்பி, நடைமுறையில் அதற்கும் கீழே. அதன் டிவிடி டிரைவ் நொடிக்குச் சுமார் 5 எம்பி படிக்கும். அந்த வேகத்தை நம்பிச் செய்த வீடியோவை இந்தச் சந்து வழியாக அனுப்பினால் திக்காமல் என்ன செய்யும். எவ்வளவு விலையுயர்ந்த பென் டிரைவ் போட்டாலும் இதே கதைதான்.

இங்கே ஒரு வேடிக்கை. பிஎஸ்பியில் சுருக்கினால் வேகம் குறையும் என்றேன். பிஎஸ்2 யுஎஸ்பியில் சுருக்கினால் சில சமயம் வேகம் கூடும். இசட்எஸ்ஓ என்று ஒன்று, சிஎஸ்ஓ மாதிரியே துண்டும் சீட்டும், டிஃப்ளேட்டுக்குப் பதில் எல்இசட்4. சுருக்கம் குறைவு, ஆனால் விரிப்பது மிக லேசு. பிஎஸ்2வில் யுஎஸ்பியிலிருந்து கேமை ஓட்டும் ஓபிஎல் என்ற புரோகிராமின் புதிய பதிப்புகள் இதைப் படிக்கும். சந்து குறுகல் என்பதால் குறைவான பைட் போனால் சீக்கிரம் போகும், விரிக்கும் செலவு அதைவிடக் குறைவாக இருந்தால் லாபம். விரிக்கும் வேலையைச் செய்வது 37 மெகாஹெர்ட்ஸைக்கூடத் தொடாத குட்டி புராசஸர் என்பதால் எல்லா கேமிலும் லாபம் வராது. என்னிடம் ஒரு கேமில் முன்கதை வீடியோ சீராகிவிட்டது, இன்னொன்றில் முன்பைவிட மோசமானது. போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. மேக்ஸ்சிஎஸ்ஓவே இசட்எஸ்ஓவும் செய்யும்.

நிரந்தரத் தீர்வு என்றால் நெட்வொர்க் கேபிள், அல்லது குண்டு மாடல் பிஎஸ்2வின் உள்ளே ஹார்டு டிஸ்க்.

மார்ச் 9, இரவு 10.25

அடிப்பக்கம் நீலமாக இருக்கும் பிஎஸ்2 டிஸ்க்குகள் டிவிடி இல்லை, சிடி. ஓபிஎல்லில் அவற்றை சிடி ஃபோல்டரில் போடுங்கள். டிவிடி ஃபோல்டரில் போட்டுவிட்டு ஓடவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

மார்ச் 11, காலை 8.00

மாற்றிய பிறகு சரியாக மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு: சுருக்கும் முன் மூலத்தின் ஷா-1 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) எடுத்து ஒரு நோட்பேடில் வையுங்கள். சுருக்கி, உடனே விரித்து, மறுபடி எடுங்கள். இரண்டும் ஒன்றானால்தான் மூலத்தை அழிக்கலாம். இதைச் செய்யாமல் நூறு கோப்பை ராத்திரியில் ஓடவிட்டுத் தூங்கப் போவது என் பழைய வழக்கம். ஒரு தடவை நடுவில் ஹார்டு டிஸ்க் நிரம்பி, 40ஆவது கோப்புக்குப் பிறகு வந்த எல்லாம் சுழியம் பைட். மூலத்தை அழிக்கும் கட்டளை மட்டும் விசுவாசமாக நூறையும் அழித்து முடித்திருந்தது.

உங்களிடம் மூலம் இல்லை, சுருக்கியது மட்டுமே இருக்கிறது என்பதால் சிஎச்டிக்கு வெரிஃபை போடுங்கள். சுருக்கிய நாளில் உள்ளேயே எழுதிவைத்த ஷா-1ஐ எடுத்து ஒப்பிட்டுச் சொல்லும்.

மார்ச் 14, மாலை 5.30

கேம்க்யூப் இரண்டையும் எப்படி ஐஎஸ்ஓ ஆக்குவது என்று இன்னும் நான் சொல்லவே இல்லையே என்று நினைவூட்டினீர்கள். டால்பினில் திறந்து மாற்றலாம் என்று எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

வீயில் கேம்க்யூப் கேம் ஓட்டப் போவது நின்டென்டோன்ட் என்ற புரோகிராமில்தானே? அது இந்த வடிவத்தை நேரடியாகவே படிக்கும். கேம்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர் போட்டு, கோப்பின் பெயரை கேம் என்று மாற்றி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் சிஎஸ்ஓ அப்படியே இருக்கட்டும், அதுவும் அதற்குத் தெரியும். இரண்டாவது டிஸ்க் இருந்தால் டிஸ்க்2 என்று பெயர். மாற்ற எதுவுமே இல்லை.

பன்னிரண்டு நாளாக மாற்றுவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 14, இரவு 9.00

பாஸ்வேர்டு மறந்துபோன 7இசட்டுக்கு என்னிடம் மருந்தில்லை. அப்போது நீங்கள் வழக்கமாக வைத்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்றாவது ஞாபகம் இருக்கிறதா?

மார்ச் 19, இரவு 8.45

ஆறு வருஷத்துக்கு முந்தைய நீங்கள், அந்த ஃபோல்டரின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தீர்களா! நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டு வைஃபைக்கும் அதே கதைதான்.

உள்ளே இன்னொரு சிஎஸ்ஓவா? எந்த கன்சோல் என்று பெயரில் இல்லையென்றால், ஐந்தாவது பைட்டிலிருந்து எட்டாவது வரை என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.